கூரைமேல் போன பல்

என் எதிர்வீட்டுக் கவிதா ஜெயிலில் வார்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, எங்க லேடீஸ் வார்டுல ஒரு ரூமுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு ஒரு மேடம் போட்டோவ மாட்டியிருக்காங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிக்காம இருக்காங்க. கீழ சுதாரக்னு எழுதியிருக்கு, சீர்திருத்தம் பண்ணவங்கன்னு அர்த்தமாம். என்ன சீர்திருத்தம் பண்ணாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. நீங்க அவங்ககிட்ட வேல பாத்தீங்களாமே?"

"பாத்தேன். ஒரு பல்லுலதான் எல்லாம் ஆரம்பிச்சது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு, "எழுதிக் குடுங்க ஆன்ட்டி, நான் அங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறேன்" என்றாள். நான் படித்தது நாலாங்கிளாஸ். என் எழுத்தைத் திருத்துகிறவள் என் பேத்தி. தில்லியில் பிறந்த அவளுக்குத் தமிழ் என்னைவிட மோசம். ஆகவே தப்பு இருந்தால் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தில்லிக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஓர் அரசாங்க ஆபீசில் பியூன். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ், மொத்தம் ஒன்றரை அறை. அந்த ஒரு அறையில் மாமியார் இருந்தார், அரை அறையில் நாங்கள் இருந்தோம். ஜெயிலுக்குப் பெண் வார்டர்கள் வேண்டும் என்று யாரோ சொல்ல, போய் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சண்டைன்னு வந்தா சமாளிப்பியா?" என்று கேட்டார். "மாமியாரோட ஒரே வீட்டுல இருக்கேன் சாப்" என்றேன். எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பயிற்சி. சாவியை இடுப்பில் செருகுவது, சேலை மடிப்பில் தேடுவது, கைதி அழுதால் வேறு பக்கம் பார்ப்பது. கடைசிப் பாடத்தில் நான் தேறவே இல்லை.

அந்த வேலையின் உயிர் கிந்தி. கிந்தி என்றால் தலை எண்ணுவது. பாரக் என்பது கைதிகள் சேர்ந்து படுக்கும் நீளக் கூடம். பொழுது சாயும் முன் அதற்குள் பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். நான் உள்ளே போய் ஒவ்வொரு தலையாக எண்ணுவேன். பிறகு கம்பிக் கதவின் ஒவ்வொரு கம்பியையும் தடியால் தட்ட வேண்டும். நல்ல கம்பி பாடும், அறுத்த கம்பி இருமும். கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் எண்ணிக்கையைக் காவல் கோபுரத்துச் சென்ட்ரிக்கு உரக்கச் சொன்னால், அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். கணக்கு சரியாக இருந்தால் மணி அடிக்கும். குழந்தைகள் கிந்தியில் கிடையாது. அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லையே, எதற்கு எண்ணுவது. ஆனாலும் அவர்கள் வரிசையின் கடைசியில் வந்து உட்கார்ந்து தங்களையும் தொடச் சொல்லுவார்கள். நானும் தொடுவேன். இன்றைக்கும் ஆறு மணி ஆனால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். மருமகள் இதைச் சக்கரை வியாதி என்று நினைக்கிறாள்.

வரிசையின் கடைசியில் உட்காருகிறவர்களில் ஒருத்தி பூங்காவனம். எமர்ஜென்சி போட்ட சமயத்தில் பிறந்தவள். அப்போது படித்த சீமாட்டிகள் எல்லாம் கைதாகி எங்கள் வார்டுக்குள் வந்து நிறைந்திருந்தார்கள். அவர்கள்தான் அவளுக்குக் கிழிந்த பட்டில் முதல் சட்டை தைத்தார்கள். அவள் அம்மா அஞ்சலை எங்கள் ஜில்லாக்காரி. தில்லிக்குக் கட்டிட வேலைக்கு வந்து, செங்கல் தூக்கிப் பிழைத்தவள். ஒரு மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்து செத்துப் போனான். தள்ளினது இவள்தான் என்று பத்து வருடம் போட்டிருந்தார்கள். தள்ளினாயா என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். "அவன் கைய எங்க வச்சான்னு யாரும் கேக்கலியேக்கா" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சட்டம் என்னவென்றால், பிள்ளை ஆறு வயது வரைக்கும்தான் அம்மாவுடன் ஜெயிலில் இருக்கலாம். அதற்குப் பிறகு வெளியே ஏதாவது ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன பிள்ளை அம்மாவைப் பார்க்க வந்தால் இரண்டு அடுக்குக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். இரண்டு வலைக்கும் நடுவில் ஒரு கை தூரம் இடைவெளி இருக்கும். விரல்கூடத் தொடாது. ஒரு தடவை பூல்வதி என்கிறவளின் மகனை அப்படி அனுப்பினோம். அதற்குப் பிறகு கிந்தியில் அவள் தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டே உட்காருவாள். நான் தினமும் அந்த வெறும் இடத்தைத் தாண்டி எண்ண வேண்டியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆபீசுக்குள் தண்ணீர் வந்து குழந்தைகள் ரிஜிஸ்டர் ஊறிப் போயிற்று. புதிதாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. இந்தியில் எனக்கு எண்கள் நன்றாகத் தெரியும். மற்றவற்றைப் பார்த்து வரைவேன். பூங்காவனம் வந்த இடத்தில் என் கை நின்றது. பிறகு பிறந்த வருடத்தில் இரண்டு கூட்டிப் போட்டது. ஜெயில் பருப்பில் வளர்ந்த பிள்ளை, ஐந்து வயதில் மூன்று வயது உடம்புதான் இருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராது. அஞ்சலையிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலத்தில்தான் மாத்தூர் மேடம் எங்களுக்கு டெபுடி சூப்பரின்டெண்டாக வந்தார். புதுக்கோட்டைப் பக்கம் மாத்தூர் என்று ஊரே இருக்கிறது, நம்மூர்க்காரம்மா என்று நான் வாசலில் கும்பிட்டு நின்றேன். வந்தவர் பழைய தில்லிக்காரர், மாத்தூர் என்பது அவர்கள் குடும்பப் பெயராம். என் கும்பிடு வீணாகப் போகவில்லை, அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். ஒரு டெபுடி வார்டருக்குக் கும்பிடு போட்டு அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

அவர் பேசியது இந்தி. எனக்குள் அது தமிழாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன். குரல் தாழ்ந்த குரல். கேட்க வேண்டுமானால் நாம் கிட்டே போக வேண்டும். கிட்டே போன பிறகு கத்த முடியாது. வார்டில் சத்தம் குறைந்ததற்கு அதுதான் காரணம். சாப்பாட்டு நேரத்தில் பருப்பை மேலாக எடுக்காமல், கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுத்து நின்றபடியே குடிப்பார். கைதி நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். முதல் வாரம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"ரிஜிஸ்டர்ல பால்னு எழுதியிருக்கு, குழந்தைக்குப் பால் வரல. கம்பளின்னு எழுதியிருக்கு, கம்பளி இல்ல. நாம எழுதற ஒவ்வொரு பொய்க்கும் உள்ள ஒருத்தி குளுர்ல படுத்திருக்கா. யார் யார் என்ன பொய் எழுதினீங்களோ, ஒரு வாரத்துக்குள்ள வந்து சொல்லுங்க. தண்டனை கிடையாது. அதுக்கப்புறம் நான் கண்டுபிடிச்சா, அது வேற."

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பாலைத் தின்றவள், சோப்பைத் தின்றவள், எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. என்னுடையது நல்ல பொய் என்று நினைத்தேன்.

அவருடைய வேலைகளிலேயே எங்களுக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று உண்டு. பாரக் வாசலுக்கு வந்தால் படியைத் தாண்ட மாட்டார். வெளியே நின்று, "அந்தர் ஆவூம்?" என்று கேட்பார், உள்ளே வரலாமா என்று. ஜெயிலுக்குள் வரட்டுமா என்று கைதியிடம் அதிகாரி கேட்கிறார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் அசையாமல் நின்றார். மூன்றாவது நாள் பூங்காவனம் வாசலுக்கு ஓடி, "ஆஜாவோ" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மேடம் உள்ளே வந்தார். அன்றிலிருந்து அது அவளுடைய வேலை ஆயிற்று. அவள் குளித்துக்கொண்டிருந்தால்கூட மேடம் வாசலிலேயே காத்திருப்பார்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. தில்லி முழுக்க ஏஷியாட் விளையாட்டுக்காகப் பாலமும் ஸ்டேடியமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஊரே செங்கல் தூக்குது, நான் இங்க ஒக்காந்து அப்பளம் இடுறேன்" என்று அஞ்சலை சொல்லுவாள். அப்போதுதான் பூங்காவனத்துக்குக் கீழ்ப்பல் விழுந்தது.

காலையில் ட்யூட்டிக்குப் போனதும் அஞ்சலை உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அரிசி மாதிரி ஒரு பல்.

"அக்கா, சாணி வேணும்."

"எதுக்குடி?"

"எதுக்குன்னு கேக்கற பாரு. சாணிக்குள்ள வச்சிக் கூரமேல போட வேணாமா? போடலன்னா பல்லு எப்பிடி மொளைக்கும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் இரண்டு பேர் மூளையும் ஒரே ஜில்லாவில் செய்தது. மறுநாள் குவார்ட்டர்ஸ் வாசலில் படுத்திருந்த பசுவிடம் கேட்டு வாங்கி, இலையில் சுற்றி, டிபன் டப்பாவின் கீழ் அடுக்கில் வைத்து எடுத்துப் போனேன். கேட்டில் தேடுகிறவர் மேல் அடுக்கைத் திறந்து, "ஆஜ் கியா ஹை?" என்றார், இன்றைக்கு என்ன என்று. "இட்லி" என்றேன். என் வேலைக் காலம் முழுவதும் நான் ஜெயிலுக்குள் கடத்திய ஒரே சரக்கு சாணிதான்.

மத்தியானம் முற்றத்தில் அஞ்சலை பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டினாள். உதிராமல் இருக்கட்டும் என்று ஒரு பீடிக் காகிதத்தைச் சுற்றினாள். பூங்காவனம் தாவித் தாவிக் குதித்தாள். மெதுவாகப் போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அஞ்சலையின் கை கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குச் செங்கல் வீசிப் பழகிய கை. உருண்டை பாரக் கூரையைத் தாண்டிப் போய், காவல் கோபுரத்துக்குக் கீழே இருந்த தகரத்தில் டமால் என்று விழுந்தது.

ஜெயிலில் சுவர்ப்பக்கம் எதையாவது எறிந்தால் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. சென்ட்ரி விசில் ஊதினார். உடனே பக்லி அடித்தது. பக்லி என்றால் பைத்தியக்காரி, அபாய மணிக்கு ஜெயிலில் அதுதான் பெயர். அது அடித்தால் எல்லோரும் போட்டது போட்டபடி வரிசையில் வந்து உட்கார வேண்டும். லத்தியோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஜெயிலர் சாப் வந்தார். மீசை நல்ல மீசை, மனசு அப்படிச் சொல்ல முடியாது. மேடம் வந்த நாளிலிருந்து அவருக்கு மேடத்தைப் பிடிக்காது.

ஒருவன் தகரத்தின் மேல் ஏறி உருண்டையை எடுத்து வந்தான். ஜெயிலர் அதைக் கைக்குட்டையில் வாங்கி, "அஃபீம்" என்றார். அபின் என்று அர்த்தம். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் நன்றாக இழுத்து முகர்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், மரியாதைக்காக அல்ல. அவர் கம்பால் உருண்டையை உடைத்தார். பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

வரிசையில் சிரிப்பு ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்குப் போனது. லத்திக்காரர்களும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பல்லை எடுத்துத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது" என்று பூங்காவனம் முன்னால் ஓடினாள். வாயைத் திறந்து விரலை விட்டு, "இதுகூட ஆடுது, பாருங்க" என்று காட்டினாள்.

ரிஜிஸ்டரில் அவளுக்கு வயது நாலரை. நாலரை வயதில் யாருக்கும் பல் விழுவதில்லை. அந்த வரிசையில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் அது ஒரே சமயத்தில் உறைத்தது. சிரிப்பு நின்றது.

"தனம், என் ஆபீசுக்கு வா. குழந்தையையும் கூட்டிட்டு வா" என்றார் மேடம்.

ஆபீசில் வழக்கம்போல எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவரும் நின்றார். மேஜைமேல் குழந்தைகள் ரிஜிஸ்டர் திறந்திருந்தது.

"இவளுக்கு என்ன வயசு?"

"ரிஜிஸ்டர்ல நாலரை, மேடம்."

"நான் ரிஜிஸ்டரக் கேக்கல."

"ஆறரை."

"ஒரு வாரம் டைம் குடுத்தேனே. எல்லாரும் வந்தாங்க. நீ ஏன் வரல?"

"மத்தவங்க பொய்யால பால் கொறைஞ்சிச்சு, கம்பளி கொறைஞ்சிச்சு. என் பொய்யால யாருக்கும் ஒண்ணும் கொறையல மேடம்."

அவர் ஜன்னல் பக்கம் போனார். வெளிமுற்றத்தில் விறகு வண்டி நின்றிருந்தது. அவிழ்த்துவிட்ட மாடு நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தது. பூங்காவனம் உள் கேட்டைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. மேடம் அவளைத் தூக்கி ஜன்னலில் உட்கார வைத்தார். அவள் மாட்டைப் பார்த்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் காதில் தமிழில் கேட்டாள்.

"பெரிம்மா, அவங்க யாரு?"

மேடம் தமிழ் அறியாதவர். "என்ன கேக்கறா?" என்றார். சொன்னேன். தன் பல்லைச் சாணியில் வைத்து எறிவதைப் பார்த்துக் குதித்தவளுக்கு மாடு யாரென்று தெரியவில்லை.

"கொறைஞ்சது இதுதான்" என்றார் மேடம். இன்னும் தாழ்ந்த குரலில். "நீ அவளுக்கு ரெண்டு வருஷம் குடுத்ததா நெனைச்சிட்டிருக்க."

நான் எதிர்த்துப் பேசினேன். விடுதிக்கு அனுப்பினால் மட்டும் என்ன கிடைக்கும், அம்மாவும் இருக்கமாட்டாள், மாட்டைக் காட்டவும் ஆள் இருக்காது என்றேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைப் பார்ப்பதற்குப் பதில் மாட்டைப் பார்க்காமலே இருக்கலாம் என்றேன். வேலை போகட்டும் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை நீட்டினார்.

"தப்பை அடி. ஒரே கோடு. கீழ இருக்கற பொய்யும் படிக்கறாப்பல தெரியணும். பக்கத்துல நெஜத்த எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டேன். அதற்குக் கீழே அவரும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது என்னவென்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மேற்பார்வை செய்யத் தவறியது நான் என்று எழுதியிருந்தார். ஜெயிலருக்கு அந்த இரண்டு வரியே போதுமானதாக இருந்தது. எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று. அவருக்குப் போனது அதைவிடப் பெரிது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அஞ்சலையிடம் நான்தான் சொன்னேன். பத்து நாளில் பூங்காவனம் போக வேண்டும் என்று. அவள் திட்டவில்லை. "சாணி நீதானேக்கா கொண்டாந்த" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தட்டின கம்பியையே திரும்பத் தட்டினேன். எண்ணின தலையையே திரும்ப எண்ணினேன்.

மேடம் அந்தப் பத்து நாளும் ட்யூட்டி முடிந்ததும் பஸ் பிடித்து விடுதி விடுதியாகப் போய் வந்தார். மறுநாள் காலையில் பாரக் வாசல்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அஞ்சலையிடம் சொல்லுவார். நான் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவேன். ஒரு இடத்தில் குழாய் குறைவு என்றார். இன்னொரு இடம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் யாரும் சத்தம் போடவில்லை, வேண்டாம் என்றார். அஞ்சலை ஒன்றுக்கும் பதில் சொல்லமாட்டாள். கடைசியில் முனிர்காவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க ஒரு பொண்ணு எங்கிட்ட எதுத்துப் பேசினா. நான் யாரு, எதுக்கு அவ பெட்டியத் தொறந்து பாக்கறேன்னு கேட்டா. யாரும் அவள அதட்டல. அந்த எடம் சரி."

அஞ்சலை அன்றைக்குப் பூங்காவனத்தின் தலைக்கு எண்ணெய் வைக்க ஆரம்பித்தாள்.

பத்தாம் நாள் நான்தான் பூங்காவனத்தை விடுதிக்குக் கூட்டிப் போனேன். பெரிய கேட்டுக்குள் ஒரு சின்னக் கதவு உண்டு. பெரியவர்கள் குனிந்துதான் போக வேண்டும். பூங்காவனம் நிமிர்ந்தே தாண்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதைப் பார்த்தாலும் "அவங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒட்டகம், போஸ்ட் பெட்டி, பலூன் விற்கிறவன் எல்லோரையும் ஒரே மரியாதையில் வைத்துக் கேட்டாள். விடுதியில் மணி ஐந்தரை ஆனது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் போய் அறைக்குள் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரிம்மா, கிந்தி எப்ப?"

"இங்க கிந்தி கிடையாதும்மா."

"தாலா யாரு போடுவாங்க?"

"பூட்டும் கிடையாது. கதவு தொறந்துதான் இருக்கும்."

அவள் முகம் மாறியது. "அப்ப யாராச்சும் நம்மள எடுத்துக்கிட்டுப் போயிட்டா?" என்றாள். உதடு கோணியது, ஆடுகிற பல் தெரிந்தது.

நான் அவள் தலையைத் தொட்டு ஒன்று என்றேன். வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துத் தாழ்ப்பாளில் கலகலவென்று ஆட்டி, மூன்று தடவை இழுத்தேன். "ஏக்" என்று உரக்கச் சொன்னேன். யார் திருப்பிச் சொல்வது என்று விழித்தபோது, முற்றத்தில் ஒரு பெண், மேடத்திடம் எதிர்த்துப் பேசினவளாகத்தான் இருக்க வேண்டும், விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தபடி, "ஏக்" என்றாள். உள்ளே பூங்காவனம் பாயை விரிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கோல் மார்க்கெட் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் மேடம் பாரக் வாசலில் வந்து நின்றார். "அந்தர் ஆவூம்?" பதில் சொல்லும் ஆள் போயிருந்தாள். மற்றப் பெண்கள் வாருங்கள் வாருங்கள் என்றார்கள். மேடம் படியைத் தாண்டவில்லை. அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்று வாரம் அவர் எங்கள் பாரக்குக்குள் காலடி வைக்கவில்லை.

ஆனால் ஆபீசில் அவர் சும்மா இல்லை. ஜெயில் விதிப் புத்தகம் தலையணை கனத்துக்கு இருக்கும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தனம், பாக்க வர்றவங்க வலைக்கு அந்தப் பக்கம் நிக்கணும்னு எழுதியிருக்கு. குழந்தை அம்மா மடியில உக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. யாரும் கேக்கல, அதனால யாரும் எழுதல."

ஆபீசுக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் கிடந்த ஒரு அறையைக் காலி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே அம்மா மடியில் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று அவரே ஆர்டர் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார். கவிதா சொன்ன வர்ணம் அடித்த அறை அதுதான். ஜெயிலர் அன்று சாயங்காலமே மேலிடத்துக்கு எழுதினார். பல், சாணி, பொய் ரிஜிஸ்டர், மடி எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருப்பார். மேடத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. ஏதோ பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போகும் முன் அவருக்கு ஒரே ஒரு ஞாயிறு மிச்சம் இருந்தது.

அந்த அறையை அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை. மூட நினைத்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அஞ்சலை தண்டனை முடிந்து வெளியே வந்தாள். பூங்காவனம் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ், தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்து வருவாள். கதவைத் திறந்து வைத்துத் தூக்கம் வருகிறதா என்று அவளிடம் நான் இதுவரை கேட்டதில்லை. நான் செய்தது சரியா, மேடம் செய்தது சரியா என்று இத்தனை வருடம் கழித்தும் சில நாள் ஆறு மணிக்கு நடந்துகொண்டே யோசிப்பேன். இரண்டும் சரி என்று வந்து நிற்கும். அடுத்த நாள் இரண்டும் தப்பு என்று வரும்.

மேடத்துக்கு மிச்சமிருந்த அந்த ஞாயிறு பூங்காவனம் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். அஞ்சலை அவளை மடியில் வைத்து, வேறு எதுவும் கேட்காமல் முதலில் வாயைத் திறக்கச் சொன்னாள். விழுந்த இடத்தில் புதுப்பல் ரம்பம் மாதிரி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது இப்போது இல்லை. பூங்காவனம் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

"விடுதி கூரை ரொம்ப ஒசரம்மா. இங்க போடலாம்னு எடுத்தாந்தேன்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் டிபன் டப்பாவைத் தொடவில்லை. இந்த முறை நேரே மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"கோபுரத்து ரிஜிஸ்டரக் கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல, நான் எழுத்தெழுத்தாக வரைந்தேன். 'இன்று நாலு மணிக்குக் கைதியின் மகளுடைய பால்பல் ஒன்று, சாணியில் வைத்து, பாரக் கூரைமேல் எறியப்படும். மணி அடிக்க வேண்டாம்.' கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஜெயிலில் அவர் கடைசியாகப் போட்ட கையெழுத்து அது. ரிஜிஸ்டரைக் கோபுரத்தில் சென்ட்ரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

விறகு வண்டி மாடு சாணிக்கு உதவியது. பூங்காவனமே போய் எடுத்து வந்தாள், அவங்களிடம் கேட்டுக்கொண்டு. நாலு மணிக்கு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். அவள் முதலில் எறிந்தாள், சுவரில் பட்டு விழுந்தது. அஞ்சலை எடுத்து, செங்கல் வீசுகிற கையை இந்த முறை அடக்கி, மெல்ல மேலே போட்டாள். கூரை ஓட்டின் மேல் தொப்பென்று விழுந்து நின்றது. அண்ணாந்து பார்த்தோம். கோபுரத்தில் சென்ட்ரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மணிக்கயிறு அசையவில்லை.

எல்லோரும் பாரக்குக்குள் போனார்கள். மேடம் வாசல்படிக்கு வெளியே நின்றார். அன்றைக்கு அவர் கேட்கவில்லை, சும்மா நின்றார். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்தாள். வாசலுக்கு வந்தாள்.

"வாங்க" என்றாள் தமிழில்.

அதை மட்டும் நான் இந்தியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடம் படியைத் தாண்டினார்.

சாயங்காலம் கிந்தி முடிந்து, கோபுரத்து ரிஜிஸ்டரைத் திரும்ப வாங்கப் போனேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன செய்தோம் என்று சென்ட்ரி எழுத வேண்டும், அது விதி. நான் வரைந்திருந்ததற்கு எதிரே அவர் எழுதியிருந்தார்: 'பார்த்தேன். ஒரு பல். மேலேயே இருக்கிறது.'